சுண்ணாம்பு வெத்திலைக்கு

அத்தான் ஏணியில் நின்ற அந்தச் சனிக்கிழமைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. அக்காவின் கணவர், டேனிஷ் நகரமான ஒடென்சேயில் தொழிற்சாலை வேலை. லீவு நாளிலும் விடிய எழும்பி, மீசையெல்லாம் சாம்பல் தூளாக, சாந்தகப்பையால் செங்கல் இடுக்குகளில் சீமெந்தை அழுத்திக்கொண்டிருந்தார். ஊரில் ஷெல் விழுந்து வீடு போனபிறகு அவருக்கு வாய்த்த முதல் சொந்தச் சுவர் அது. “இன்னொரு வீட்டை இழக்க எனக்குத் தென்பில்லை, தங்கச்சி” என்று வீட்டை வாங்கிய அன்றே சொல்லியிருந்தார்.

அந்தத் தெருவை அயலில் ‘இங்கிலீஸ் வரிசை’ என்பார்கள். இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள வீடுகளில் மயங்கி வந்த ஒரு பழங்கால முதலாளி கட்டியதாம். ஏழு வீடுகளுக்கும் ஒரே முகம். ஒடுங்கிய மூன்று மாடி. கதவுக்கு மேலே விசிறிபோல விரிந்த கண்ணாடி. இந்த நாட்டு வழக்கப்படி வெளியே தள்ளாமல் மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல்கள். கூரையடியில் பல்வரிசைபோலத் துருத்திய மஞ்சள் செங்கற்கள். இரண்டு வீட்டுக்கு இடையில் ஒரே சுவர். ஒன்றில் ஒன்று சாய்ந்துதான் அத்தனை காலம் நின்றிருக்கின்றன.

சீமெந்து வாளியைக் கண்டு பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஓடி வந்தார். வரிசையின் சங்கம் எழுதிய கடிதத்தை நீட்டி, சுண்ணாம்புச் சாந்து மட்டும்தான் பூசலாம், இந்தச் சுவர் மூச்சுவிட வேண்டும் என்று டேனிஷில் மன்றாடினார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

“மூச்சோ? எனக்கே இஞ்சை மூச்சுவிட நேரமில்லை, சுவருக்கு என்ன கேடு?” அத்தான் ஏணியில் நின்றபடியே சிரித்தார். “சுண்ணாம்பு வெத்திலைக்கு, தங்கச்சி. வீட்டுக்குச் சீமெந்து. சொல்லு மனிசிக்கு.”

நான் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் விழுந்தால் பொறுக்கி வைப்பது என் பழக்கம், அதையும் பொறுக்கினேன். “அவர் கவனமாகச் செய்வார்” என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, அடுத்த கலியாண வீட்டிலேயே அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். மண்டபம் குலுங்கியது. ஊரில் எங்கள் பாட்டன்மார் வீடுகளும் சுண்ணாம்பில்தான் நின்றன என்று அங்கிருந்த ஒருவருக்கும் நினைவு வரவில்லை. கையில் நாலு காசு வந்தவன் சீமெந்தால் கட்டினான். அதைத்தான் பார்த்து வளர்ந்தோம்.

சீமெந்து அடைத்த பிறகு, மழையில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே கிடந்தது. பனியில் அது உறைந்து பருத்தபோது சீமெந்து அசையவில்லை, பழைய செங்கல்தான் வெடித்தது. மூன்றாம் குளிர்காலம் முடிய, முகம் முகமாக உரிந்து வாசலில் மஞ்சள் மாவாகக் கொட்டியது. அக்கா தினமும் கூட்டினாள். பொதுச் சுவரால் ஈரம் ஏறி ஆசிரியையின் படுக்கையறையும் கறுத்தது. அவர் சண்டை பிடிக்கவில்லை. வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்தினார். பார்க்க வந்த நிபுணர் விரலால் தொட்டார், கல் உதிர்ந்தது. அத்தான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். திருத்துவது எங்கள் சக்திக்கு மேல். அந்த வருடமே வீடு கைமாறியது.

இப்போது அவர்கள் கொங்கிறீட் மாடியொன்றில் ஒன்பதாம் தட்டில். அத்தான் கதைப்பது குறைவு. அந்த நாளில் கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்துக் காட்டியிருந்தால் கேட்டிருப்பாரோ என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டு என்ன.

போன மாதம் கண் டொக்டரிடம் அவரைக் கூட்டிப்போனேன். பஸ் அந்தத் தெருவால் திரும்பியது. அவர் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“திருத்திப்போட்டினமோ?”

அவர்கள் இருந்த நாலாம் வீட்டின் முகம் முழுக்கப் புதுக் கல். பழைய மஞ்சள் எங்கும் கிடைக்கவில்லை போலும். வேட்டியில் போட்ட ஒட்டுப்போலத் தெரிந்தது.

“ஓம் அத்தான். வடிவாத் திருத்தியிருக்கினம். ஒரு வித்தியாசமும் தெரியேல்லை.”

அப்போதும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அப்ப, நாங்கள் அங்கை இருந்ததும் தெரியாது, என்ன.”

பஸ் போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ பேருடைய சொற்களைப் பொறுக்கி வைத்திருக்கிற நான், இந்தச் சொல்லை மட்டும் ஒரு கலியாண வீட்டிலும் எடுத்துவிடவில்லை.