சித்தப்பா வரைந்த வெள்ளம்

அரியலூரில் ஆறு எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் தெருவில் வந்து அப்படிக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். டவுனைச் சுற்றிக்கொண்டு போய் மருதையாற்றில் விழுகிற அந்தத் தண்ணீர்ப் பாதையை ஆபீஸ் காகிதங்களில் ஓடை என்று எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வருடத்தில் பெரும்பகுதி அதில் சாக்கடைத் தண்ணீரும் சீமைக்கருவேல முள்ளும் யாருக்கும் சொந்தமில்லாத பன்றிகளும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அது ஆறாகிவிடும். அப்போது யாரும் அதன் பெயரைப் பற்றி விவாதம் செய்ய மாட்டார்கள்.

அந்த ஆற்றின் வளைவில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்கு வயரிங் வேலை. ஆனால் அவருக்குக் கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். டவுனில் கரண்ட் போனால் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தியிருப்பார்கள் என்பது போலப் பேசுவார். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் சொன்னதை எல்லாம் நம்பினேன். கலெக்டருக்கே சித்தப்பாதான் மின்விசிறி மாட்டியிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த வருடம் பங்குனியில் ஒரு செய்தி வந்தது. ஆற்றங்கரைத் தெருக்களைச் சீர்படுத்த நகராட்சியில் புதிதாகத் திட்டம் போடுகிறார்கள், என்ன வேண்டும் என்று எங்களையே கேட்பதற்கு அங்கிருந்து ஒரு மேடம் வருகிறார்கள் என்று. கரைக்கு ஒரு தடுப்புச் சுவர் வேண்டும் என்று எங்கள் தெரு கேட்காத நாளில்லை. ஓட்டு கேட்டு வந்த அத்தனை பேரிடமும் கேட்டாகிவிட்டது. இப்போது கேட்பதற்கே ஒரு ஆள் வருகிறது என்றதும் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை.

செய்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு வதந்தியும் வந்தது. வெள்ளம் ஏறுகிற வீடுகளை இடித்துவிட்டு, அந்த ஆட்களை டவுனுக்கு வெளியே எங்கேயோ அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போடுவார்களாம்.

இதில் எல்லோரையும்விட அதிகம் கலங்கியவர் சித்தப்பா. அப்போதுதான் அவருக்கு விக்கிரமங்கலத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணைச் சித்தப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரண்ட் போஸ்ட் மேலே ஏறும்போதுகூட எடுத்துப் பார்ப்பார் என்று அம்மா கேலி செய்வாள். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளைக்கு டவுனில் சொந்த வீடு இருக்க வேண்டும். இருந்தது. இனி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. தன் செல்வாக்கை மாமனாருக்குக் காட்ட வேண்டுமே என்று, மேடம் வருகிற அதே நாளிலேயே சித்தப்பா அவரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

அதற்கு முன்னால் வீடு வீடாகப் போனார். நானும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"யாரு கேட்டாலும் வெள்ளமா, அது எங்கன்னு திருப்பிக் கேளுங்க. நம்ம தெருவுல தண்ணி ஏறுனதே கெடையாது. ஒருத்தர் வாயத் தொறந்தாலும் அத்தன வூடும் போயிரும், பாத்துக்குங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் பயம்தான். வெள்ளமே வராத தெருவுக்குத் தடுப்புச் சுவர் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. மீசை வைத்தவர்களுக்கே தோன்றாதது எட்டு வயதில் எனக்கு எப்படித் தோன்றும்?

மேடம் காட்டன் புடவையும் விளையாட்டு ஷூவும் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஷூவைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. காளியம்மன் கோயில் திடலில் மைக் கட்டி, நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் மைக்கைத் தொடவில்லை. திடலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். கோலப்பொடி இருக்கிறதா என்று பெண்களைக் கேட்டார்.

"உங்க தெருவ நீங்களே வரைங்க. முதல்ல இருக்கிற மாதிரி. அப்புறம் எப்படி இருக்கணும்னு ஆசைப்படறீங்களோ அந்த மாதிரி."

பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். மார்கழியில்கூடத் தெரு அப்படிக் கூடிக் கோலம் போட்டதில்லை. சிமெண்ட் மூட்டையை உதறிய சாம்பல் தூளில் ரோடு போட்டார்கள். செங்கல் தூளில் கோயில் எழும்பியது. வீடுகளுக்கு என்ன வைப்பது என்று யோசித்தபோது பிள்ளைகள் நாங்கள் ஓடிப்போய்ச் சிப்பிக் கல் பொறுக்கி வந்தோம். எங்கள் ஊர் மண்ணைக் கிளறினால் கடல் சிப்பி கல்லாகிக் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். வீட்டுக்கு ஒரு சிப்பி வைத்தோம். அவரவர் வீட்டை அவரவரே வைத்ததால் எல்லா வீடும் பக்கத்து வீட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. டீக்கடைக்காரர் தன் கடையைக் கோயில் அளவுக்குக் கட்டிக்கொண்டார்.

நான் கோயில் படிமேல் ஏறி நின்று பார்த்தேன். என் தெரு மொத்தமும் என் காலடியில் இருந்தது. நான் தினமும் நடக்கிற சந்து, விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்ட திருப்பம், தண்ணீர்க் குழாய், டிரான்ஸ்பார்மர் எல்லாம் சாமிக்கு மேலேயிருந்து தெரிவது போல எனக்குத் தெரிந்தது. அவ்வளவு அழகான இடத்திலா இருக்கிறோம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்புறம் ஆசைகளை வரைந்தார்கள். கரையோரம் நடைபாதை, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு சின்னப் பாலம், பாதை நெடுக மரம், ராத்திரியில் விளக்கு. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பேப்பர் படிக்க ஒரு கொட்டகை கேட்டு, அதற்குள் பெஞ்சுகூட வரைந்தார். மேடம் என் கையில் மஞ்சள் பொடியைக் கொடுத்தார். ஊஞ்சல் போட்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியாக, கரை நெடுக ஒரு கெட்டியான வெள்ளைக் கோடாக, சுவர் வந்தது.

ஆறு மட்டும் முன்பே போட்டிருந்தார்கள். நீலப் பொடியில், என் சடை அகலத்துக்கு. மிச்சப் பொட்டலத்தோடு நான் திரும்பவும் கோயில் படியில் ஏறி நின்றேன்.

மேடம் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில்தான் கேட்டார்.

"வெள்ளம் வந்தா தண்ணி எதுவரைக்கும் ஏறும்ங்க?"

"வெள்ளமா? அது எங்கங்க?" என்று பெண்கள் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்கள். சித்தப்பா வேப்பமரத்து நிழலில் நாற்காலியில் இருந்த விக்கிரமங்கலத்துக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"அப்ப சுவர் தேவைப்படாதேங்க. ஒரு எடத்துக்குத்தான் சுவர் கட்ட முடியும். பக்கத்துத் தெருவுலயும் கேட்டிருக்காங்க. அவங்களுக்கே எழுதிடட்டுமா?"

யாரும் மேடத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் சமாளித்துவிடுகிற அந்த வாய் அன்று திறந்தபடியே இருந்தது. மாமனாரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கடைசியாக, படியில் நீலப் பொடிப் பொட்டலத்தோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

பிறகு வந்து என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கினார்.

ஆற்றின் வளைவில் குனிந்து ஆரம்பித்தார். எங்கள் வீட்டுச் சிப்பியின்மேல்தான் முதல் பிடி விழுந்தது. சிப்பி மறைந்துபோனது. நிமிராமல் அப்படியே பின்பக்கமாக நகர்ந்துகொண்டே தூவினார். பால்வாடிமேல், டீக்கடைமேல், டிரான்ஸ்பார்மர்வரைக்கும்.

"இதுவரைக்கும் வந்துச்சு மேடம்," என்றார். அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. "இந்த வூட்டுலதான் இந்தப் பாப்பா கைக்கொழந்தையா படுத்திருந்துச்சு. முழிச்சுப் பாக்கறப்ப புள்ளையக் காணோம். இலவம்பஞ்சு மெத்தைங்க. மெத்தையோட மெதந்து அடுப்படிப் பக்கம் போயிருந்துச்சு. இருட்டுல தடவித்தான் புடிச்சேன்."

இதை எனக்கு யாரும் சொன்னதே இல்லை. நான் மிதந்திருக்கிறேன்! பெருமை தாங்கவில்லை. என் கூட்டாளிகள் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தப்பு தம்பி, எங்க வாசப்படியத் தாண்டியும் வந்துச்சு," என்று பக்கத்து வீட்டு அக்கா பொட்டலத்தை வாங்கினாள். அப்புறம் வாத்தியார் தன் வீட்டின்மேல் தூவினார். டீக்கடைக்காரர், "நம்ம கடைய முழுசாவே முக்கிடுங்க" என்றார். பொடி தீர்ந்தது. யாரோ வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்துகொண்டு வந்தார்கள். துணி வெளுக்கிற நீலத்தை ஊற்றித் தெரு முழுக்க ஆற்றைப் பெருக்கினார்கள். மரம், விளக்கு, பாலம், என் ஊஞ்சல் எல்லாவற்றின்மேலும் அது பரவியது.

அதற்குப் பிறகு நான் கடலைப் பார்த்திருக்கிறேன், காவிரி கரை நிறைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நீலத்தைப் போல எதுவும் என்னைத் திகைக்க வைத்ததில்லை. என் சடை அளவு இருந்த ஆறு ஒரு திடலையே மூடிக்கொண்டு கிடந்தது. அதன் நடுவில், தண்ணீரில் பொடி கரைந்து, எங்கள் வீட்டுச் சிப்பியின் முதுகு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. இதையெல்லாம் வரைந்தது எங்கள் சித்தப்பா. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும் போல இருந்தது. ஒருவரும் கைதட்டவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. மேடம் ஷூவைக் கழற்றிவிட்டு அந்த நீலத்தின் ஓரத்தில் நின்றார்.

விக்கிரமங்கலத்துக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். காலையில் வந்தபோது மாப்ள என்று கூப்பிட்டவர், "வரேன் தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அப்பா ஓடிப்போய், "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க, எல்லாம் தயாரா இருக்குங்க" என்றார். "இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்று அவர் அப்பாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. பெண்ணைப் பெற்றவர், அவ்வளவுதான்.

சுவர் வந்தது. உடனே இல்லை, நான் பத்தாவது முடிக்கும்போது வந்தது. கரையில் இன்று நடைபாதை இருக்கிறது, வேம்பும் புங்கையும் நிழல் தருகின்றன. பாலம் இன்னும் வரவில்லை. வாத்தியாரின் கொட்டகையை யாரும் கட்டவில்லை. சுவர் போகிற பாதையில் எங்கள் வீடு மட்டும் இருந்தது. அது போயிற்று. மேட்டில் ஒரு மனை கொடுத்தார்கள். மற்ற வீடுகள் எல்லாம் நின்றன. மழைக்காலத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் இப்போது தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். சித்தப்பாவுக்கும் கல்யாணம் ஆயிற்று, ரஞ்சன்குடிப் பக்கம் பெண், ஆனால் அதற்குச் சில வருடங்கள் ஆயின. நடுவில் விக்கிரமங்கலம் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் தலைவாழை இலை போட்டிருக்கிறது என்பதுதான். வடை, பாயசம், அப்பளம், இரண்டு வகைப் பொரியல். தீபாவளிக்குக்கூட எங்கள் வீட்டில் அத்தனை சமைத்ததில்லை. அவ்வளவு பெரிய ஆற்றை வரைந்த சித்தப்பாவுக்காகத்தான் விருந்து என்று நினைத்தேன். அவரோ பரிமாறிக்கொண்டே இருந்தார், உட்காரவில்லை. விரல் இடுக்கெல்லாம் நீலம்.

"சித்தப்பா, மெத்தையில மெதந்தப்ப நான் அழுதனா, சிரிச்சனா?"

"சிரிச்ச பாப்பா," என்றார்.

அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு எதிரில் ஓர் இலை, தண்ணீர் தெளித்து, எல்லாம் பரிமாறி, யாரும் உட்காராமல் இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அதிலிருந்த வடையையும் நானே எடுத்துத் தின்றேன். சித்தப்பா தடுக்கவில்லை, பாயசத்தையும் என் பக்கம் தள்ளிவைத்தார்.