நான் அழித்த ஒப்படைகள்

வன்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை. விரிவுரையாளர்களுக்கு இணையவழிக் கற்றல் தளத்தைப் பயன்படுத்தக் காட்டிக்கொடுப்பதுதான் என் பொறுப்பு. வளாகத்தில் எல்லோரும் அதை எல்.எம்.எஸ். என்பார்கள். பாடக்குறிப்புகளை ஏற்றுவது, மாணவர்கள் செய்து தரும் ஒப்படைகளை வாங்குவது, புள்ளி போடுவது எல்லாம் இப்போது அதற்குள்தான் நடக்கின்றன. இளம் விரிவுரையாளர்களுக்கு நான் தேவைப்படுவதில்லை. கடவுச்சொல்லை மறந்தால் மட்டும் என் நினைவு வரும். மற்றவர்களுடன்தான் என் பொழுது போகிறது.

அந்த மற்றவர்களில் சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பிக்கும் மிஸ்ஸும் ஒருவர். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருடங்களே இருந்தன. நான் நடத்திய பயிற்சி வகுப்பு ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை. எல்லோரும் போன பிறகு தனியாக என் அறைக்கு வந்து, தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். நான் காட்டுவதை ஒவ்வொரு படியாக நீலப் பேனையால் எழுதுவார். 'இடப்பக்க மூலையில் மூன்று கோடு. அமத்தவும். கொஞ்சம் பொறுக்கவும்.' பொறுக்கவும் என்பதைக்கூட எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தார்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் தன் ஆராய்ச்சிக் குறிப்புகளை ஒரு பெட்டியோடு தொலைத்தவர் அவர். அதைப் பற்றி ஒரேயொரு தடவைதான் சொன்னார். ஒப்படைகளைத் தாளில் வாங்குவதை விட்டுவிட்டு எல்.எம்.எஸ்ஸில் வாங்கச் சம்மதித்த அன்று என்னிடம் கேட்டார்:

"தம்பி, இதுக்குள்ள போட்டது துலைஞ்சு போகாதே?"

"துலையாது மிஸ். தாள் எண்டால்தான் துலையும்" என்றேன். மிகவும் நம்பித்தான் சொன்னேன்.

அவர் கொடுத்த முதல் ஒப்படை இதுதான். மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு குளத்துக்கு மூன்று கிழமை போய்ப் பார்க்க வேண்டும். நீர் மட்டத்தை அளந்து, செடிகளையும் பறவைகளையும் குறித்து, படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரு பைலாக ஏற்ற வேண்டும். கடைசி நாள் புதன்கிழமை. வகுப்பில் ஐம்பத்தாறு பேர்.

அதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிபோல, அவருடைய சென்ற வருடப் பாடப்பக்கத்தைத் துப்புரவாக்க உட்கார்ந்தேன். பழைய மாணவர்களின் ஒப்படைகளையும் புள்ளிகளையும் நீக்கிப் பக்கத்தை வெறுமையாக்கும் வேலை அது. அதற்கு ரீசெட் என்று ஒரு பட்டன் உண்டு. சென்ற வருடப் பக்கமும் இந்த வருடப் பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே பெயர். கடைசியில் வருடத்தைக் காட்டும் எண் மட்டும்தான் வேறு. 'நிச்சயமாகவா?' என்று கொம்பியூட்டர் கேட்டது. இப்படி நூறு தடவை கேட்கும். நூறு தடவையும் போல ஆம் என்று அமத்தினேன். வரிசையாகப் பச்சை அடையாளங்கள் விழுந்தன. அதன் பிறகுதான் மேலே இருந்த வருடத்தைப் பார்த்தேன். காரணம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நித்திரைக் குறைவும் இல்லை, அவசரமும் இல்லை. பார்க்காமல் அமத்தினேன், அவ்வளவுதான்.

பக்கத்தை மூடித் திறந்தேன். மீண்டும் மூடித் திறந்தேன். ஒப்படை இருந்த இடத்தில் சைபர் என்றே காட்டியது. ரீசெட் செய்ததைத் திருப்பி எடுக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். விரிவுரையாளர்களுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணை அன்று லீவு. நெடுங்கேணியில் அவருடைய வயல் வேலியை முதல் நாள் யானை பிரித்துப் போட்டிருந்தது. மூன்று தடவை எடுத்தும் போன் போகவில்லை. நாலாம் தடவை உழவு இயந்திரச் சத்தத்துக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது.

"என்னடாப்பா, சேர்வர் விழுந்திட்டுதோ?"

"இல்லையண்ணை. சுற்றாடல் மிஸ்ஸின்ர இந்த வருசப் பக்கத்தை ரீசெட் பண்ணிப்போட்டன். பிள்ளையளின்ர ஒப்படை எல்லாம் போயிட்டுது."

உழவு இயந்திரத்தை விட்டுத் தள்ளி வந்தார் போல, சத்தம் குறைந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ராவு தானாப் பிரதி எடுபடுறது. அதில இருக்கோணும்" என்றார்.

"இருக்கோ, இருக்கோணுமோ?"

"போன கிழமை டிஸ்க் நிறைஞ்சு போய்ப் பிரதி எடுபடேல்லை. வெள்ளிக்கிழமை கொஞ்சம் இடம் எடுத்து விட்டனான். அந்த இடம் காணுமோ எண்டு வந்து பாத்தால்தான் தெரியும். ரெண்டு மணிக்கு வாறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வைக்காதை."

மிஸ்ஸிடம் உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. இரண்டு மணிக்கு நிலைமை தெரிந்துவிடும், பிரதி இருந்தால் நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று என்னை நானே சமாளித்தேன். ஒரு தேத்தண்ணி வாங்கி, குடிக்காமலே ஆற விட்டேன்.

பதினொரு மணிக்கு மிஸ் போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா என்ர அறைக்கு வாறியளே?" அவருடைய குரல் இவ்வளவு மெல்லியதாக இருந்து நான் கேட்டதில்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, படிகளில் ஏறும்போதே மன்னிப்புக் கேட்கும் வசனங்களை மனதுக்குள் அடுக்கினேன்.

நான் உள்ளே போனதும் அவர் எழும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளையளின்ர ஒப்படை முழுக்க அழிச்சுப்போட்டன்."

எனக்கு விளங்கவில்லை. "ஆர் மிஸ்?"

"நான்தான். ஒன்பது மணிக்கு, எத்தினை பேர் போட்டிருக்கினம் எண்டு பாக்கப் போனனான். எதையோ பிழையா அமத்தியிருக்கிறன். பாத்தால் ஒண்டும் இல்லை. திருப்பித் திருப்பிப் பாத்தன், ஒண்டுமே இல்லை." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அதுகள் மூண்டு கிழமை வெயிலுக்க குளத்தடிக்குப் போனதுகள். இந்த வயசில எனக்கு இது சரிவராது எண்டு அப்பவே சொல்லியிருக்கோணும்."

இங்கே நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு கணம் என் வாய்க்குள் வேறு ஒரு பதில் வந்து நின்றது. 'பயப்பிடாதேங்கோ மிஸ், நான் எடுத்துத் தாறன்.' அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். பிரதி கிடைத்தால் எனக்கு நல்ல பெயர். கிடைக்காவிட்டால் பிழை அவருடையது. சேர்வர் அண்ணையைத் தவிர உண்மை யாருக்கும் தெரியாது.

மேசையில் அவருடைய கொப்பி விரிந்து கிடந்தது. அன்றைய திகதியைப் போட்டு, காலையில் அமத்தியவை எல்லாவற்றையும் ஞாபகத்தில் இருந்து நேரத்தோடு எழுதியிருந்தார். இரண்டு இடங்களில் வட்டம் போட்டு 'இதுவோ?' என்று கேட்டிருந்தார். இரண்டு மணித்தியாலமாக அவர் இருந்து தன் பிழையைத் தேடியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு அந்தப் பதில் என் வாயில் நிற்கவில்லை.

"மிஸ், நீங்கள் ஒண்டும் அழிக்கேல்லை. நான்தான் அழிச்சனான்."

அவர் கண்ணாடியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். காலை எட்டரைக்கு நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"உண்மையாவோ? என்னைத் தேற்றச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை மிஸ். ஆர் எப்ப அமத்தினது எண்டு அதுக்குள்ள பதிவு இருக்கு. என்ர பெயர்தான் இருக்கும். காட்டட்டே?"

காட்டினேன். என் பெயரையும் நேரத்தையும் விரலை வைத்து வாசித்தார். பிறகு கதிரையில் தொப்பென்று இருந்து, "அப்பாடா!" என்றார். சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். திட்டு வாங்குவதற்கென்று போன நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிரித்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"எட்டரைக்கு அழிச்சுப்போட்டு இவ்வளவு நேரமும் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

"நல்ல சேதியோட வருவம் எண்டு..."

"நான் இங்க ரெண்டு மணித்தியாலம் செத்துப் பிழைச்சன், தெரியுமே?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை. "இருங்கோ" என்று மற்றக் கதிரையைக் காட்டினார். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, இடியப்பத்தில் பாதியை மூடியில் எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார். அதுவரை இல்லாத பசி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒப்படைகள் இன்னும் வரவில்லை. ஆனாலும் என் நெஞ்சில் இருந்த பாரத்தில் முக்கால்வாசி அந்த அறையிலேயே இறங்கிவிட்டது.

இரண்டு மணிக்குச் சற்று முன்பாக அண்ணை வந்தார். காற்சட்டையில் முழங்கால் வரை சேறு. கொம்பியூட்டர் முன் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். மிஸ்ஸும் நானும் அவருக்குப் பின்னால் நின்றோம். முதலில் திறந்தது முந்திய கிழமையின் பிரதி. உள்ளே ஒன்றுமில்லை. மிஸ்ஸின் கை என் தோளைப் பிடித்தது. அடுத்ததைத் திறந்தார்.

"கிடக்கு" என்றார் அண்ணை.

அதை ஒரு தனிப் பக்கத்தில் திறந்து சரிபார்த்த பின், உரிய இடத்தில் போட நாலு மணியாகிவிட்டது. ஐம்பத்தாறு பேரில் முப்பத்தெட்டுப் பேர்தான் அதுவரை ஏற்றியிருந்தார்கள் என்று பதிவு காட்டியது. அதில் முப்பத்து நாலு பேருடையது வந்துவிட்டது. கடைசி நாள்வரை காத்திருந்த பதினெட்டுப் பேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. "படியுங்கோ, நேரத்தோட குடுங்கோ எண்டு இனி எப்பிடிச் சொல்லுறது?" என்றார் மிஸ்.

மிச்சம் நாலு பேர். ஞாயிறு பிரதி எடுபட்ட பிறகு, திங்கட்கிழமை ஏற்றியவர்கள். நாலு பேருக்கும் நானே போன் எடுத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். மூன்று பேர் ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப அனுப்பினார்கள். நாலாவது, ஒட்டுசுட்டானில் இருந்து வரும் ஒரு பிள்ளை. போன் நிறைந்துபோனதால், ஏற்றிய கையோடு படங்களையும் பைலையும் அழித்துவிட்டாளாம். அவள் அழவில்லை. "இப்ப நான் என்ன செய்ய வேணும், சேர்?" என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

மறுநாள் அந்தப் பிள்ளையை வரச்சொல்லி, மிஸ் தன் அறையில் இருத்தினார். எழுதியதை வாயால் சொன்னால் போதும், பத்து நிமிடம் என்றார். நான் வெளியே நின்றேன். பத்து நிமிடம் முக்கால் மணித்தியாலமாயிற்று. பின்னேரத்தில் யானைகள் தண்ணிக்கு வருவதால் மத்தியான வெயிலில் மட்டுமே அளக்கப் போனதை, தண்ணீர் திறந்துவிடும் துருசுக் கல்லில் சுண்ணாம்பால் கோடு போட்டு நீர் இறங்குவதைப் பார்த்ததை, எந்தக் கிழமையில் எந்தப் பறவை வராமல் போனது என்பதை எல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். மிஸ் இடையிடையே கேள்வி கேட்பதும், "ஓமோ?" என்று ஆச்சரியப்படுவதும் கதவுக்கு வெளியே கேட்டது.

பிள்ளை போன பிறகு எட்டிப் பார்த்தேன். மிஸ் கொம்பியூட்டரில் புள்ளியைப் போட்டுக்கொண்டிருந்தார், தானாகவே, கொப்பியைப் பார்க்காமல்.

"நல்லாக் கதைச்சவா" என்றார். "அந்தக் குளத்தை ஒருக்கா நானும் போய்ப் பாக்கோணும். நீங்கள் போகலாம் தம்பி. எல்லாம் சரி."

அவர் சரி என்று சொன்னது அப்போதுதான்.

என் வீடு புளியங்குளத்தில். பின்னேரம் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. ஓமந்தை தாண்டியது தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. நடத்துநர் தட்டி எழுப்பியபோது பஸ் என் ஊரைத் தாண்டிக் கனகராயன்குளத்தில் நின்றது. இறங்கி, வீதியைக் கடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். முக்கால் மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. எனக்கு அது ஒரு கரைச்சலாகவே தெரியவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கி, சூடாகவே குடித்தேன்.