பீரோ மேல் இருந்த ரயில்

பெட்டியை லேசாக ஆட்டினால் உள்ளே தண்டவாளத் துண்டுகள் கலகலவென்று சத்தம் போடும்... நாலு வருஷம் அந்தச் சத்தத்தோடுதான் விளையாடினேன்.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த மாமா, என் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. சாவி கொடுத்தால் வட்டமாக ஓடும் பச்சை எஞ்சின், பின்னால் மூன்று பெட்டிகள். அட்டையில் 'ஐந்து முதல் எட்டு வயது வரை' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. மாமா கிளம்பிப்போய் பஸ் ஏறுவதற்குள், அது எங்கள் லேக் மார்க்கெட் வீட்டு இரும்பு பீரோவின் தலைமேல் ஏறிவிட்டது.

"இப்போ குடுத்தா உடைச்சுடுவே. பெரியவனானதும் விளையாடிக்கோ" என்றார் அப்பா.

பூஜா லீவில் தூசி தட்டும்போது மட்டும் பெட்டி என் கைக்கு வரும். அதுவும் பிரிக்காமல். ஆறு, ஏழு, எட்டு... வருஷா வருஷம் கேட்டேன். வருஷா வருஷம் நான் சின்னவன்தான்.

எனக்கு ஒன்பது வயதானபோது, அப்பாவின் ஆபீஸ் மேனேஜர் பையனுக்கு ஆறாவது பிறந்தநாள் வந்தது. அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ரயிலை இறக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் அட்டையைக் காட்டினார்.

"எட்டு வயசு வரைக்கும்னு போட்டிருக்கு பாரு. உனக்குத்தான் ஒம்போது ஆயிடுத்தே."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர்கள் வீட்டில் மேனேஜர் பையன் பெட்டியைக் கிழித்தான். பத்தே நிமிஷத்தில் ரயில் ஓடியது. அவன் அம்மா பாயேஷ் என்கிற வங்காளிப் பாயசக் கிண்ணங்களோடு அதைத் தாண்டித் தாண்டிப் போனாளே தவிர, உடைந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவிழ்ந்த ரயில்பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைக்கப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். அடுத்தவன் சாமானாம்.

அடுத்த மாதம் மாமா வந்தார். "ரயில் நன்னா ஓடறதாடா?"

"ஓடறது மாமா."

பொய்யில்லையே. ஓடிக்கொண்டுதான் இருந்தது... வேறு வீட்டில்.

இப்போது உறவுக்காரக் குழந்தைகளுக்கு வாங்கப் பொம்மைக் கடைக்குப் போனால், அங்கே நிற்கிற பெண் எடுத்தவுடன் குழந்தைக்கு என்ன வயசு என்றுதான் கேட்கிறாள். எரிச்சலாக வருகிறது. ஆனாலும் வயசு பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒரு வயதுக்கு வாயில் வைத்தாலும் பாதகமில்லாத மரக் கிலுகிலுப்பை, நாலுக்கு உருட்டித் தள்ள லாரி, பத்துக்கு நட்டு போல்ட்டு முடுக்கிக் கட்டும் கிரேன். எதுவானாலும் அன்று சாயங்காலமே விளையாடியாக வேண்டும். பாட்டரி மூடியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன். போகிற இடத்திலெல்லாம் மானத்தை வாங்குகிறேன் என்று என் மனைவிக்குக் கோபம்.

போன ஞாயிறு நியூ டவுனில் சித்தி பெண் வீட்டுக்குப் போனோம். அவள் பையனுக்கு ஐந்து வயது. ரயில்தான் வாங்கிப் போனேன். அவன் கை நீட்டுவதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள்.

"பத்திரமா வெச்சுடறேன் அண்ணா. இவன் கையில குடுத்தா ரெண்டே நாள்."

பதினாலாவது மாடி, லிஃப்ட், ஆளுயரக் கண்ணாடி ஜன்னல்... எல்லாம் மாறிவிட்டது. பீரோவுக்குப் பதில் வார்ட்ரோப். அதன் உச்சித் தட்டில் மூன்று பொம்மைப் பெட்டிகள், பிரிக்காமல்.

பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கி அங்கேயே கிழித்தேன். "உடைக்கட்டும்டி. உடைக்கத்தான் வாங்கிண்டு வந்தேன்."

தரையில் தண்டவாளத்தைப் பூட்டி ஸ்விட்சைப் போட்டேன். பையன் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் மூன்று சுற்று வந்துவிட்டது... அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றான்.