தடத்தில் கரையாத பாறைப்பொடி

கடல் எங்கள் தோப்புக்குள் வந்து போன மறு வருடம், தென்னைகளுக்கு ராக் பாஸ்பேட் உரம் வைக்கச் சொன்னார்கள். பாறையை அரைத்த பொடி அது. பார்க்க சிமெண்ட் போல இருக்கும். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம் எனக்கு உள்ளது பதினெட்டுத் தென்னை. அப்பா பாகம் வைத்ததில் எனக்குக் கடலோரத் தோப்பும், என் ஒரே தங்கைக்குக் குலசேகரத்துக்கு மேலே ரப்பர் நிலமும் வந்தன.

தங்கையின் கணவர் தம் ரப்பருக்கு இரண்டு மூட்டை வாங்கும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கினார். ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த அவசரம் அன்றைக்கே எனக்கு உறுத்தியது.

கடலின் உப்பை முறிக்க, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒவ்வொரு தென்னையின் அடியைச் சுற்றி வெட்டிய தடத்திலும் சிப்பிச் சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் முன்பே போட்டிருந்தேன். அதன்மேல் இந்தப் பொடியைத் தூவி மண் இழுத்து மூடினேன். அரை மூட்டை மிஞ்சியது.

இரண்டு மழைக்காலம் கழிந்து தடத்தைக் கிளறினால், பொடி வைத்தது வைத்தபடி கிடக்கிறது. பதினெட்டையும் கிளறினேன். பதினெட்டிலும் அப்படியே. வெட்டுக்கு வெட்டு தேங்காயை எண்ணுகிறவன் நான், அதிலும் ஏற்றமில்லை.

தங்கை வீட்டுக்குப் போனபோது ஒரு ரப்பர் மரத்தின் மூட்டில் குச்சியால் கிளறிப் பார்த்தேன். பொடியின் அடையாளமே இல்லை. மரங்கள் இலை அடர்ந்து நின்றன. தங்கையின் கணவர் பின்னால் வந்து நின்றார்.

“என்ன மச்சான், புதையல் தேடுதியளா?”

“நீங்க வச்ச உரம் எங்கேன்னு பாக்கேன்.”

“அது மண்ணுல கரைஞ்சு போவும்லா.”

“எனக்குக் கரையல்லியே.”

“அதுக்கு நான் என்ன செய்ய? தென்னைக்கிட்ட கேளுங்க.”

தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மூட்டையில் நல்லது இரண்டை வைத்துக்கொண்டு, மணல் கலந்ததை எனக்குத் தள்ளியிருக்கிறார். வேறெப்படி ஒரே கடைச் சரக்கு அங்கே கரையும், இங்கே கரையாது?

அப்போது தங்கை மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்குத் தாய்மாமன் நான் முன்னால் இருக்க வேண்டும். போகமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

“பாறைப்பொடிக்காகப் பிள்ளைக்க நிச்சயத்துக்குப் போவாம இருப்பியளா?”

“ஏமாத்துன ஆளுக்க வீட்டுல எப்படி உக்கார?”

“ஏமாத்தினாருன்னு நீங்க கண்டியளா?”

இல்லைதான். அதற்குப் பிறகு அவளே மலைக்கு, தங்கை வீட்டுக்குப் போய், மண் ஒட்டிய மரச்சீனிக் கிழங்கும், பூச்செடிக்கு என்று சொல்லி அவர்கள் மூட்டையில் மிஞ்சிய பொடியில் ஒரு பொட்டலமும் வாங்கி வந்தாள். பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள்.

இரண்டு கண்ணாடித் தம்ளரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் எங்கள் பொடி, மற்றதில் அவர்கள் பொடி போட்டேன். இரண்டும் ஒன்றுபோல அடியில் படிந்தன. அடுத்த நாளும் கரையவில்லை. கிணற்றின்மேல் சந்தேகம் வந்தது. மழைத் தண்ணீரிலும் போட்டேன். அதே கதைதான். கல்லூரியில் படித்த ரசாயனம் கொஞ்சம் ஞாபகம் வரவே, எலுமிச்சம்பழச் சாற்றில் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுவைத்தேன். சில நாளில் இரண்டிலும் அடியில் கிடந்தது ஒரே அளவில் மெலிந்திருந்தது.

பொடியில் வித்தியாசமில்லை. மீதியிருந்தது மண்தான். தோப்பு மண்ணில் சாற்றைப் பிழிந்தேன், நுரைத்துப் பொங்கியது. மரச்சீனியில் ஒட்டியிருந்த மலைமண்ணில் பிழிந்தேன், சும்மா கிடந்தது. மலையில் இலை மக்கி, மழை அலசி, மண் புளித்துக் கிடக்கிறது. அந்தப் புளிப்பு பாறையைக் கரைக்கிறது. எங்கள் மண்ணோ முழுக்கச் சிப்பித் துண்டு. கொஞ்ச நஞ்சம் புளிப்பு பிறந்தாலும் அதைச் சிப்பி தின்றுவிடும். போதாததற்கு நான் வேறு சுண்ணாம்பு போட்டிருக்கிறேன்.

“அப்போ கள்ளன் நம்ம தோப்புக்குள்ளதான் இருக்கான்,” என்றாள் மனைவி.

நிச்சயத்துக்குப் போனோம். எங்களிடம் கிடந்து என்ன பயன் என்று மிஞ்சிய அரை மூட்டையையும் காரில் போட்டுக்கொண்டேன். தங்கையின் கணவர் அதைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

“இது என்னத்துக்கு மச்சான்?”

“உங்க மண்ணுலதான் இது கரையும். வச்சுக்கிடுங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அவர் மூட்டையின் வாயை அவிழ்த்து, கொஞ்சம் எடுத்து விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். “இதுல நீங்க ஒண்ணும் கலக்கல்லியே?”

தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், நடுவில் போட்டிருந்த தாய்மாமன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அங்கிருந்து பார்த்தால் அவர் தெரிந்தார். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டு, தம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீரில் அது கரையாது என்று எழுந்துபோய்ச் சொல்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.