பென்சில் கோடு போட்ட லேபிள்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்றால், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் மெயிலில் எழுதுவதைத் தையல் மெஷின்காரர்களுக்குப் புரியவைக்கிற வேலை. முதலில் அது நமக்குப் புரிய வேண்டும் என்பதுதான் சங்கடம்.

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரமா என்று முதலாளி சொல்வார். அதனால் நீளமான ஆங்கில வார்த்தை வந்தால் பென்சிலால் சாய்கோடு போட்டு, துண்டு துண்டாகப் படிப்பேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்களே, உங்கள் பையிலும் அப்படி ஒரு பென்சில் இருக்கும், மறைக்க வேண்டாம்.

கட்டிங் டேபிளில்

பேக்கிங் கவர் ‘பயோடிகிரேடபிள்’ ஆக இருக்க வேண்டுமாம். பயோ என்றால் உயிர், டிகிரேட் என்றால் சிதைவது, ஏபிள் என்றால் முடியும். ஆக, மண்ணில் தானாக மக்கும் கவர் என்று கட்டிங் மாஸ்டரிடம் பெருமையாக விளக்கினேன். “வெட்டறது நானுந்தான் வெட்டறனுங்க அம்மிணி. கோத்துச் சொல்லுங்க, பாக்கலாம்” என்றார். வேகமாகச் சொன்னேன். நடுத்துண்டு முன்னால் வந்துவிட்டது.

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார். “கை இருக்கற எடத்துல காலரு வந்துருச்சுங்க.”

வீடியோ காலில்

துவைத்தபின் துணி சுருங்குகிறதா என்று பார்த்த ரிப்போர்ட்டை பையரிடம் நான்தான் வாசிக்க வேண்டும். தலைப்பே ‘டைமென்ஷனல் ஸ்டெபிலிட்டி’. ஒவ்வொரு கோட்டிலும் நின்று மூச்சு வாங்கிப் போனேன். டை. மென். ஷனல். பையர் அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். பிறகு அன்பாகச் சொன்னார்: “உங்கள் நெட் விட்டுவிட்டு வருகிறது, மெயிலில் அனுப்பிவிடுங்கள்.”

லேபிளில்

கிருமி அண்டாத துணி என்பதற்கு லேபிளில் ‘ஆன்டிமைக்ரோபியல்’ என்று போட வேண்டும். ஆன்டி என்றால் எதிர், மைக்ரோ என்றால் நுண்ணிய, மீதி உயிர். அப்ரூவல் தாளில் எனக்காக இரண்டு கோடு போட்டேன். அழிக்க மறந்து, கையெழுத்தும் போட்டு பிரிண்டிங்குக்கு அனுப்பிவிட்டேன்.

வந்த லேபிள் ரோல் முழுக்க அந்த இரண்டு கோடும் அச்சாகியிருந்தன. அன்று மாலை சாம்பிள் கூரியரில் போயாக வேண்டும். பிரிண்டிங்காரருக்குப் போன் போட்டேன். “நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருந்துச்சோ அதேதானுங்க. ஒரு புள்ளி மாத்தறதில்லீங்க நாங்க.” அவர் தொழில் சுத்தம்.

முதலாளி லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆரு வேலை இது?” என்றார். சீனியர் பிரபு அண்ணன் என்னைக் காப்பாற்றுவதற்காக, “பிரிண்டிங்ல ஏதோ...” என்று இழுத்தார். ஆறு மாதத்துக்கு இன்னும் நாலு நாள். “கோடு நான் போட்டதுங்க. அப்படிப் பிரிச்சாத்தானுங்க எனக்குப் படிக்க வரும்” என்றேன்.

முதலாளி கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆன்டி. கோட்டில் நின்றார். மைக்ரோ. நின்றார். பியல். அப்புறம் லேபிளை என்னிடமே நீட்டினார்.

“புதுசு அடிச்சு நாளைக்கு அனுப்புங்க. இருவது வருசமா லேபிள் வெச்சுத் தெக்கறேன் அம்மிணி, இன்னைக்குத்தான் ஒண்ணை முழுசாப் படிச்சிருக்கறேன்.”

அடுத்த வாரம் வேலை நிரந்தரமான கடிதம் வந்தது; அதிலிருந்த நீளமான வார்த்தைகளைக் கோடு போடாமல், விரலால் மறைத்து மறைத்துப் படித்தேன்.