ஆறாம் நாள் சப்பரம்

மரியபுஷ்பம் அக்காவுக்குக் குரல் கொஞ்சம் பெரிசு. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் செபமாலையைத் தொடங்கினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது பிடிக்கவில்லை. கடவுளுக்குக் காது கேட்காதா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். அங்கே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், பூசை பார்ப்போம், வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு வைப்போம். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவர் பெயர்கூடத் தெரியாது. குடவாசல் பக்கத்தில் இந்தக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் அன்பியம் என்றால் என்னவென்று பார்த்தேன். ஒரு தெருவில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழு. வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் கூட வேண்டும். பைபிளில் ஒரு பகுதியை வாசித்துவிட்டு, மனதைத் தொட்ட வார்த்தையை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு எல்சி எந்தப் பகுதியை வாசித்தாலும் 'அப்பம்' என்ற வார்த்தையைத் தேடிப் பிடித்துவிடுவாள். அப்பம் இல்லாத வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். பிறகு அவரவர் கஷ்டத்தைச் சொல்வோம், மன்றாடுவோம், சுண்டல் தின்போம். எங்கள் குழுவுக்குச் சவேரியார் அன்பியம் என்று பெயர். தலைவி மரியபுஷ்பம் அக்கா, கூட்டம் பெரும்பாலும் அவர் வீட்டில்தான்.

அக்காவுக்குச் சொந்த நிலம் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போவது அவர் வேலை. புருஷன் பெரியநாயகசாமி மஞ்சள்காமாலையில் போய்ச்சேர்ந்தார். ஒரே மகன் ஆன்டோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், ஈஸ்டருக்கு வருவான். ஆக, அக்காவுக்கு வீடு என்றால் அந்த வியாழக்கிழமைதான். கூட்டம் முடிந்தாலும் எங்களை எழுந்திருக்க விடமாட்டார். "இருங்கடி, என்ன அவசரம், யாரு வந்து காத்துக்கிட்டிருக்கான்?" என்பார். உண்மைதான், யாரும் காத்திருக்கவில்லை.

ஏனென்றால் அந்த வருஷங்களில் ஆண்கள் எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் குவைத், ஷார்ஜா என்று போனார்கள். விசா கிடைக்காதவர்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் குவைத்தில், நான் கைக்குழந்தையோடு இங்கே. தெருவில் மிச்சம் இருந்த ஆம்பளைகள் மூட்டுவலிக்காரர்களும் பள்ளிக்கூடத்துப் பையன்களும்தான். எல்சியின் புருஷன் திருப்பூர் போனவன் கடுதாசியும் போடவில்லை, எஸ்.டி.டி. பூத்துக்குப் போனும் பண்ணவில்லை. ஒரு வியாழக்கிழமை எல்சி கூட்டத்தில் அழுதாள். மறுநாள் அக்கா பஸ் ஏறிவிட்டார். ஆன்டோவை வைத்து அவனைத் தேடிப் பிடித்து, காதைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து எல்சி முன்னால் உட்காரவைத்தார். இரண்டு நாள் பேசவைத்துத்தான் திருப்பி அனுப்பினார். அன்பியம் என்றால் எனக்கு அர்த்தம் அதுதான்.

எங்கள் ஊர்க் கோயில் செபஸ்தியார் கோயில். தைத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு அன்பியத்தின் பொறுப்பு. அன்றைய செபமாலை, பாட்டு, சாயங்காலம் செபஸ்தியார் சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தெருச் சுற்றிவருவது, எல்லாம் அந்த அன்பியத்துக்காரர்கள்தான் செய்ய வேண்டும். ஆறாம் நாள் எங்களுடையது. ஒரு வருஷம் சப்பரம் தூக்க ஆளில்லாமல் பக்கத்துத் தெரு லூர்து மாதா அன்பியத்திலிருந்து ஆட்களைக் கடன் கேட்டோம். வந்தார்கள், தூக்கினார்கள். தூக்கியதோடு விட்டார்களா என்றால் இல்லை.

அந்த வருஷம் டிசம்பரில், கோயில் காரியங்களை முடிவுசெய்கிற பங்குப் பேரவை கூடியது. செயலாளர் சகாயராஜ் உரக்கடை வைத்திருப்பவர், லூர்து மாதா அன்பியத்துக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. எதையும் இன்னொன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டால் வேலை குறையும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"சாமி, சவேரியார் அன்பியத்துல தூக்க ஆளே இல்லை. ஆம்பளை இல்லாத அன்பியத்தை எதுக்குத் தனியா வச்சுக்கிட்டு? எங்களோட சேத்துடலாம். ஆறாம் நாளையும் நாங்களே பாத்துக்கறோம்" என்று பங்குச் சாமியாரிடம் சொன்னார்.

ஆம்பளை இல்லாத அன்பியம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. சேர்த்துவிட்டால் கூட்டம் பக்கத்துத் தெருவின் மாடி வீடுகளில் நடக்கும். அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். அவருடைய ஒற்றை அறை வீட்டுக்கு அப்புறம் யார் வருவார்கள்?

அக்கா எழுந்தார். "தூக்க ஆள் இருக்கு சாமி. நாங்க தூக்குறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். பங்குச் சாமியாரும் சிரித்தார், ஆனால் யோசித்தபடி சிரித்தார். "சரி மரியபுஷ்பம், தூக்குங்க. சப்பரம் தெருச் சுத்தி நல்லபடியா கோயிலுக்குத் திரும்பிட்டா உங்க அன்பியம் தனியாவே இருக்கட்டும். இல்லேன்னா சேத்துடுவோம். சம்மதமா?"

"சம்மதம் சாமி" என்று அக்கா சொன்ன சத்தத்தில் சகாயராஜின் மூக்குக்கண்ணாடி நகர்ந்தது.

அக்கா வீட்டுக்குப் பின்னால் களத்தில் பழகினோம். ஒரு பெஞ்சை இரண்டு மூங்கிலில் கட்டி, சொரூபத்துக்குப் பதில் ஒரு நெல்மூட்டையை மேலே வைத்தோம். எட்டுப் பேர் தோள் கொடுத்தோம், என் குழந்தை களத்தோரம் ஒரு கிழவி மடியில். அங்கேதான் வந்தது வினை. எல்சி பனைமரம். நான் அவளுக்குப் பின்னால், அவள் காது மட்டத்துக்குத்தான் வருவேன். மூங்கில் என் தோளில் படவே இல்லை. நான் தூக்கவில்லை, தூக்குகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். பத்தடி போவதற்குள் பெஞ்சு சாய்ந்து, மூட்டை உருண்டு வாய்க்காலில் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சேதி. 'பொம்பளைங்க செபஸ்தியாரை வாய்க்காலில் போட்டுவிட்டார்கள்' என்று. உரக்கடையில் சகாயராஜ் இதைச் சொல்லாத ஆளில்லை. எங்களில் இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்றார்கள். அக்கா எங்களைத் திட்டவில்லை. அந்த வியாழக்கிழமை மன்றாட்டு நேரத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டுக்கு வர்ற காலடியை நிறுத்திடாதேயும்" என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வயலில் அறுப்பு. நெல்கட்டுத் தூக்க ஆண்கள் இல்லாததால் பெண்களே களத்துக்குச் சுமந்தோம். எனக்கு முதல் வருஷம் கழுத்து சுளுக்கிக்கொண்டது, அப்புறம் பழகிவிட்டது. வரப்பில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் போன அக்கா திடீரென்று நின்றுவிட்டார். பின்னால் வந்த எல்சி அவர் மேல் மோத, எல்சி மேல் நான் மோதினேன்.

"ஏண்டி, நம்மளைத் தோள்ல தூக்கச் சொன்னது யாருடி?" என்றார் அக்கா.

அக்கா தலையில் கட்டு இருந்தபடியே திரும்பி நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பளைங்க தோள்ல தூக்குனாங்க, அவங்களுக்கு அது பழக்கம். நமக்கு எது பழக்கம்? தலையில வச்சா இந்த வரப்புல ஒரு கதிராச்சும் கீழ விழுதா?"

அன்று சாயங்காலமே மூங்கிலைத் தலைக்கு ஏற்றினோம். தோளைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சும்மாட்டை முடியும். எல்சிக்கு ஒரு துண்டை ஒரே சுற்றாகச் சுற்றி வைத்தார் அக்கா. எனக்குப் பழைய புடவையையே முழுசாகச் சுருட்டித் தலையில் ஏற்றினார். "உனக்கு ஒரு மெத்தையே வேணும் போலிருக்கு ரோஸ்லின்" என்றார். வந்திருந்த ஆறு பேர் தலையும் ஒரே மட்டம் ஆனது. நெல்மூட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. வரமாட்டோம் என்ற இரண்டு பேரும் மறுநாள் வந்துவிட்டார்கள்.

சகாயராஜ் களத்துக்கே வந்து பார்த்தார். "தலையில வச்சுச் சப்பரம் தூக்குறது எந்த ஊர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"இந்த ஊர்ல இருக்கும்" என்றார் அக்கா.

ஆறாம் நாள் வந்தது. கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் செபிக்க வந்தவர்கள், மீதிப் பேர் நாங்கள் விழுவதைப் பார்க்க வந்தவர்கள். பேண்டு செட் முழங்க, செபஸ்தியாரைப் பூவால் அலங்கரித்துச் சப்பரத்தில் ஏற்றினார்கள். அக்கா முன் வரிசையில் நின்றார். "மரியே வாழ்க!" என்று அவர் எழுப்பிய சத்தத்தில் எட்டுப் பேரும் ஒன்றாக எழுந்தோம். கூட்டத்திலிருந்து ஒரு 'ஆ' வந்தது. எந்த வருஷமும் இல்லாத உயரத்தில் நின்றார் செபஸ்தியார். பின்னால் நின்ற கிழவிகள்கூட எக்கிப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

வாய்க்கால் பாலம் குறுகல். ஆண்கள் அங்கே எப்போதும் தடுமாறுவார்கள். வரப்பில் நடக்கிறவர்களுக்கு அந்தப் பாலம் ராஜபாட்டை. அலுங்காமல் கடந்தோம். பாலம் தாண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியதும்தான் மாட்டிக்கொண்டோம். தெருவின் குறுக்கே கட்டியிருந்த சீரியல் பல்பு ஒயர் எல்லாம் ஆண்களின் தோள் உயரத்துக்குக் கணக்குப் பண்ணிக் கட்டியவை. சொரூபத்தில் செபஸ்தியார் ஒரு மரத்தில் கட்டுண்டபடி நிற்பார், அந்த மரத்தின் உச்சிக் கிளை முதல் ஒயரில் சிக்கியது. எங்களில் ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லை. களத்தில் ஏது ஒயர்?

இறக்கிவைக்கலாம் என்றால் முட்டுக்கட்டைகளும் தோள் உயரத்துக்குச் செய்தவை, எட்டவில்லை. பேண்டு நின்றுவிட்டது. கழுத்து நரம்பு தெறித்தது. சப்பரம் ஆடத் தொடங்கியது, எல்சி முன்னால் ஏதோ முனகினாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் சப்பரம் கீழே, அன்பியமும் கீழே.

அப்போது அக்கா குலவை போட்டார். நடவு வயலில் போடுகிற அதே குலவை. செபஸ்தியார் திருவிழாவில் யாரும் குலவை கேட்டதில்லை. பின்னால் எல்சி போட்டாள், நான் போட்டேன், எட்டுப் பேரும் போட்டோம். என்ன அதிசயமோ, ஆட்டம் நின்றது. தெருவில் நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்த லூர்து மாதா அன்பியத்துப் பெண்களும் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஆள் ஓடிவந்தார். கையில் யார் வீட்டு முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியோ. சகாயராஜ்!

மடித்துக் கட்டிய வேட்டியோடு துரட்டியை நீட்டி ஒயரைத் தூக்கிப் பிடித்தார். "வாங்கம்மா, வாங்க! தலையைக் குனியாதீங்க, நான் பாத்துக்கறேன்!" என்று கத்தினார். நாங்கள் ஒயருக்கு அடியில் நுழைந்து போனோம். அவர் அடுத்த ஒயருக்கு ஓடினார், அதற்கடுத்ததுக்கும் ஓடினார். வியர்வை சொட்டச் சொட்டத் தெரு முழுக்க எங்களுக்கு முன்னால் துரட்டியோடு ஓடினார். ராஜா வருகிறார், வழிவிடு என்று கட்டியக்காரன் ஓடுகிற மாதிரி இருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சப்பரம் கோயிலுக்குள் போனது. பூகூட உதிரவில்லை. சாமியார் மைக்கைப் பிடித்து, "சவேரியார் அன்பியம், ஆறாம் நாள், அடுத்த வருஷமும்" என்றார். மேற்கொண்டு அவர் சொன்னது எதுவும் கைதட்டலில் கேட்கவில்லை. மரியபுஷ்பம் அக்கா பீடத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து, சும்மாட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதையும் சத்தமாகத்தான் செய்தார்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். திருப்பூர்க்காரர்களும் வந்தார்கள், ஆன்டோவும் வந்தான். ஆறாம் நாள் சாயங்காலம் எல்லாரும் குளித்து, வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டுக் கோயில் வாசலில் தயாராக நின்றார்கள். "அக்கா, இந்த வருஷம் நீங்க சிரமப்பட வேணாம். அதான் நாங்க இருக்கோம்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

அக்கா அவரைப் பார்த்தார், அவர் தோள் துண்டைப் பார்த்தார். "வாங்க தம்பி, நீங்க வந்தது எவ்வளவு ஒத்தாசை. புள்ளைய வச்சுக்கிட்டு எப்படித் தூக்குறதுன்னு ரோஸ்லின் முழிச்சுக்கிட்டிருந்தா" என்றார்.

குழந்தையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.