கடைசி அவசரம்

இணையத்தில் நான் நடத்தும் மலையாள வகுப்பில் எல்லோரும் தமிழர்கள். திருவனந்தபுரம் வலியசாலையில் பிறந்த எனக்கு இரண்டுமே வீட்டு மொழிதான். ஆனால் ‘மனசிலாச்சு’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். மலையாளத்திலிருந்து எங்கள் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட சொல் அது. புரிந்ததா என்று கேட்டால் போதும், திரை முழுக்க ‘மனசிலாச்சு டீச்சர்’ என்று கொட்டும். மறுநாள் கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார்கள்.

அதிகமாக அப்படிச் சொன்னவர், கேரளத்தின் பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, திருநெல்வேலியில் சித்தி வீட்டில் தங்கித் தமிழில் படித்து, அரசுப் பள்ளி ஆசிரியையாகத் திரும்பி வந்தவர். மலையாளத் தேர்வில் தேறினால்தான் அவர் வேலை நிரந்தரமாகும். ஏற்கெனவே தவறிவிட்டார், இனி ஒரு முறைதான் எழுதலாம். அவருடைய அம்மா வீங்கிய முழங்காலோடு இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார். அம்மா நின்றுவிட்டால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். மகள் வேலை உறுதியாகாமல் வாடகைக்கு வீடு பிடிக்க இருவருக்கும் தைரியமில்லை.

என் வீடியோக்களை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்பவர்கள் சொல்வது எளிமையானது: பார்த்ததைவிட, முட்டிமோதி நினைவிலிருந்து எடுத்ததே தங்கும். அதுவும் ‘நிச்சயம் இதுதான்’ என்று அடித்துச் சொன்ன தப்பை உடனே திருத்திவிட்டால் லேசில் மறக்காது. எனவே அவர் கைபேசிக்கு ஒவ்வொரு வாக்கியமாக அனுப்பினேன். பொருளையும், அது எவ்வளவு உறுதி என்பதையும் எழுதினால்தான் விடை திறக்கும். சில நாள் விட்டு அதே சொல் வேறு வாக்கியத்தில் வந்து நிற்கும்.

ஒரு நாள் அனுப்பியது: ‘இது அவசானத்தெ அவசரமாணு.’

‘இது கடைசி நேர அவசரம். சந்தேகமே இல்லை’ என்று எழுதினார். விடை திறந்தது: ‘இது கடைசி வாய்ப்பு.’ மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அழுகை. குரல் செய்தி அனுப்பினார்.

“தப்பு பண்ண வச்சு வேடிக்கை பாக்குறீங்களா டீச்சர்? எனக்கு இது வராது. நான் நிறுத்திக்கிறேன்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உடனே அழைத்தேன்.

“கோவிச்சுண்டு போனா ஆச்சா? தமிழ் நன்னாத் தெரிஞ்சவாதான் இந்தத் தப்பைப் பண்ண முடியும். நாளைக்கும் அனுப்புவேன், பாருங்கோ.”

மறுநாளிலிருந்து அவர் விடை எழுதுவதை நிறுத்திவிட்டார். நானும் வீம்புக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். நானே அவரை விரட்டிவிட்டேனோ?

ஒரு மாலை, மலையேறும் பேருந்திலிருந்து அவருடைய குரல் வந்தது.

“டீச்சர், இன்னிக்கு மீட்டிங்ல எச்.எம். ‘எல்லார்க்கும் அவசரம் தராம்’னு சொன்னாரு. நான் மட்டும் சிரிச்சிட்டேன். மறக்கவே மாட்டேங்குது!”

விட்டுப்போன வாக்கியங்களுக்கெல்லாம் அன்றே பதில் வந்தது. பாதி தப்பு. இப்போது அவர் அழவில்லை, என்னோடு சண்டைக்கு வந்தார். “சம்சாரம்னா பேச்சாமே, இதெல்லாம் நியாயமா டீச்சர்?” தேர்வு வரைக்கும் இந்தச் சண்டை ஓயவில்லை.

முடிவு வந்த அன்று அழைத்தார். முதலில் விசும்பல்தான் கேட்டது. போச்சு என்று நினைத்து, ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

“டீச்சர், நாளையிலருந்து அம்மா கொழுந்து கிள்ளப் போகல.”